நான்கு இடத்தில் மட்டும் தொங்கிய தொப்பி

அக்காவுக்கு ஒரு தொப்பி தைக்க உட்கார்ந்தேன். ஒன்று என்று நினைத்தது மூன்றில் வந்து நின்றது. முதல் இரண்டும் ஏன் சரியாக அமையவில்லை என்ற கேள்வி பல வாரங்கள் என்னை விடவே இல்லை. "விளிம்பு விறைப்பாக நிற்கணும்னா தடிமனா பக்ரம் வை" என்று தையல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விறைப்புக்காக உள்ளே வைக்கும் துணியைத்தான் பக்ரம் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வைத்துத் தைத்தேன். கொஞ்ச நாளிலேயே விளிம்பு மறுபடி தொங்கியது. ஒரே சீராகத் தொங்கியிருந்தால்கூட மனம் சமாதானம் ஆகியிருக்கும். சில இடங்களில் நன்றாக நின்றுகொண்டு, சில இடங்களில் மட்டும் சரிந்தது. ஒரே துணி, ஒரே பக்ரம், ஒரே தையல். பிறகு ஏன் இந்தப் பாரபட்சம் என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

தொப்பி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அக்கா எடுத்துக்கொள்ளும் ஒரு மாத்திரை, தோலை வெயிலுக்குச் சட்டென்று கன்றிப்போகச் செய்கிறது. வெளியே போகாமல் இருக்க அவளால் முடியாது. வெயிலுக்கான தொப்பியின் விளிம்பு குறைந்தது 7.5 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் காதும் கழுத்தும் நிழலில் வரும் என்பார்கள். நான் 10 செ.மீ. என்று முடிவு செய்தேன். வாங்கிய தொப்பிகள் இரண்டு வீட்டில் கிடந்தன. ஒன்று அவள் தலைக்குச் சிறியது. இன்னொன்று மெத்தென்று இருந்ததால் காற்றடித்தால் முன்பக்கம் அப்படியே மடிந்து கண்ணை மூடியது. சாலையைக் கடக்கும்போது ஒரு கையால் தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்த அன்றுதான் இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

முதல் தொப்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ் ஒரு அடுக்கு வைத்தேன். காலர் 4 விரல்கடை அகலம். கழுத்தைச் சுற்றி நிற்பதால் அதற்குத் தாங்கல் இருக்கிறது. தொப்பி விளிம்போ ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகை மாதிரி அந்தரத்தில் நீண்டு நிற்க வேண்டியது. காலருக்குப் போதுமானது இதற்குப் போதவில்லை. போட்டுப் பார்த்ததும் விளிம்பு கவிழ்ந்தது.

இரண்டாவதுக்கு அசல் பக்ரமே வாங்கினேன். இரண்டு அடுக்கு. மேலே தடித்த பருத்தித் துணி, கீழே நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி. பக்ரம் என்பது இடைவெளி விட்டு நெய்த பருத்தித் துணியில் கஞ்சியோ பசையோ ஏற்றியது. நனைத்தால் இளகும், காய்ந்தால் அதே வடிவத்தில் இறுகும். தொப்பி செய்பவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: ஈரமான பக்ரத்தை மர அச்சின் மேல் இழுத்துப் பொருத்திக் காயவிடுவார்கள். வடிவம் பிடித்ததை அச்சிலிருந்து கழற்றி மேலே துணி போர்த்துவார்கள். ஆனால் நனைத்தால் இளகும் பொருள், நெற்றி வியர்வையிலும் இளகத்தான் செய்யும். இரண்டு வாரம் அந்தத் தொப்பி கம்பீரமாக இருந்தது. ஒருநாள் தூறலில் நனைந்து வந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் விளிம்பு அலை அலையாக நின்றது. "இது என்னடி, ஒரு கண்ணுக்கு மட்டும் நிழல் தருது?" என்றாள் அக்கா. அவள் குறையாகச் சொல்லவில்லை, வியப்பாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

(இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. துவைக்கவும் வேண்டும், விறைப்பும் வேண்டும் என்ற இந்தத் தொல்லை பழையது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பண்ணைகளில் பெண்கள் போட்டுக்கொண்ட வெயில் குல்லாக்களில், முகத்தைச் சுற்றி வரும் பகுதியில் வரிசையாக உறை தைத்து அட்டைப் பட்டைகளைச் செருகியிருப்பார்கள். துவைக்கும்போது உருவிவிட்டு, காய்ந்ததும் மறுபடி செருகிக்கொள்ளலாம். வேறு சில குல்லாக்களில் இரண்டு துணிகளுக்கு நடுவே சரடு வைத்து வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது வழி ஏன் வேலை செய்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.)

சுவரில் விழுந்த நிழல்

அந்த இரண்டாவது தொப்பியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, தையல் மேசையிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் இரவு வேறு ஏதோ தைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மேசை விளக்கு வெளிச்சத்தில் தொப்பியின் நிழல் சுவரில் விழுந்திருந்தது. விளிம்பின் நிழல் நேர்க்கோடாக இல்லாமல் ஏறி இறங்கியது. மேசை கோணலோ என்று பாத்திரத்தை மெல்லத் திருப்பினேன். பள்ளமும் கூடவே திரும்பியது. அப்படியானால் கோளாறு தொப்பியில்தான். சாக்பீஸை எடுத்துத் தொங்கும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே சுற்றி வந்தேன். நான்கு புள்ளிகள் வந்தன. முன்பக்கம் நேராக நின்றது, பின்பக்கம் நேராக நின்றது, இரண்டு காதுக்கு மேலும் நேராக நின்றது. இவற்றுக்கு இடையே இருந்த நான்கு மூலைகளும் சரிந்திருந்தன. ஏறக்குறைய சம தூரத்தில், ஒரு சதுரத்தின் நான்கு முனைகளைப் போல.

ஏனோதானோ என்று தைத்த கோளாறு இப்படிக் கணக்காக நான்கு இடத்தில் வராது. தொப்பியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கோடு போட்ட துணி அங்கேதான் இருந்தது. கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடின. நெற்றிக்கு நேரே அவை விளிம்பின் ஓரத்தை நோக்கி நேராக ஓடின. காதுக்கு நேரே ஓரத்துக்கு இணையாக ஓடின. சாக்பீஸ் புள்ளி இருந்த நான்கு இடத்திலும் கோடுகள் சாய்வாகக் கிடந்தன. கிராஸ்! அந்த நான்கு இடத்திலும் துணி கிராஸில், அதாவது நூல் ஓடும் திசைக்கு மூலைவாட்டில், இருந்தது.

இதை எத்தனையோ தடவை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். குடைப் பாவாடை தைத்தால் உடனே கீழ்விளிம்பை மடிக்க மாட்டேன். ஒரு நாளாவது தொங்கவிடுவேன். கிராஸில் வரும் நான்கு இடங்கள் தானாக இறங்கும். இறங்கியதை வெட்டிச் சமப்படுத்திய பிறகுதான் மடிப்பு. அந்தப் பாவாடையும் நடுவில் ஓட்டை உள்ள ஒரு வட்டம்தான், தொப்பி விளிம்பும் நடுவில் ஓட்டை உள்ள ஒரு வட்டம்தான். அளவு மட்டும்தான் வேறு. பாவாடையில் தெரிந்த ஒரு விஷயத்தை, தலைக்கு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரவு நெடுநேரம் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு கைக்குட்டையை எடுத்துப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓடும் திசையில் இழுத்துப் பாருங்கள், கொடுக்காது. ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓடும் திசையிலும் கொடுக்காது. மூலைக்கு மூலை இழுத்தால் தாராளமாக நீளும். நூல் எதுவும் நீளவில்லை. பாவும் ஊடையும் சேர்ந்து போட்டிருக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள் சாய்ந்து கொடுக்கின்றன, அவ்வளவுதான். சதுரச் சட்டம் மூலையில் ஆணி தளர்ந்தால் எப்படிச் சாயுமோ அப்படி. விளிம்பு தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கும்போது, சுற்றிலும் சமமாக இறங்க அதனால் முடியாது. ஏனென்றால் ஓரத்தின் சுற்றளவு ஏற்கெனவே வெட்டி முடிந்துபோன ஒன்று. எல்லாப் பக்கமும் இறங்கினால் சுற்று சிறியதாக வேண்டும், மிச்சத் துணிக்கு இடம் கிடையாது. அதனால் சில இடங்கள் இறங்கும், மற்றவை தூக்கிக்கொள்ளும். எது இறங்குவது என்பதைக் கிராஸ் முடிவு செய்கிறது.

அடுத்துத்தான் என் இரண்டாவது தவறு தெரிந்தது. நான் நல்ல பிள்ளையாக எல்லா அடுக்கையும் துணியின் கரைக்கு இணையாகவே வைத்து வெட்டியிருந்தேன். மேல்துணி, கீழ்த்துணி, நடுவில் இரண்டு பக்ரம், நான்குக்கும் பாவு ஒரே திசை. பக்ரமும் நெய்த துணிதானே! எனவே மேல்துணி எங்கே பலவீனமோ அங்கேயேதான் பக்ரமும் பலவீனம். அடுக்கைக் கூட்டக் கூட்ட எடை கூடியது. பலம் கூடியதும் பலமான இடத்தில்தான். அந்த நான்கு மூலைகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் எடைதான்.

சரி, நினைப்பது உண்மைதானா என்று பார்க்காமல் மறுபடி ஒரு தொப்பியை வெட்ட மனம் வரவில்லை. பாதி அளவில் இரண்டு வளையங்கள் செய்தேன். இரண்டிலும் ஒரே துணி, நெய்த ஒட்டுக் கேன்வாஸ் ஒரே ஒரு அடுக்கு. ஒன்றில் கேன்வாஸின் பாவும் துணியின் பாவும் ஒரே திசை. மற்றதில் கேன்வாஸை 45 டிகிரி திருப்பி வைத்து வெட்டினேன். துணியின் கிராஸ் வரும் இடத்தில் கேன்வாஸின் நேர்நூல் வரும், கேன்வாஸின் கிராஸ் வரும் இடத்தில் துணியின் நேர்நூல் வரும். இரண்டையும் கவிழ்த்த டம்ளர்களில் மாட்டினேன். முதல் வளையத்தில் அதே நான்கு பள்ளம். இரண்டாவது ஏறக்குறைய சமமாக நின்றது. ஒரு துண்டு கேன்வாஸ்கூடக் கூட்டவில்லை, திருப்பி மட்டும்தான் வைத்தேன். அந்த வளையங்கள் இரண்டையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புத்தகத்தின் பக்கங்கள்

திசை புரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தடிமன் சும்மா வேலை செய்யாதா என்ன? செய்யும். ஆனால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால்தான். மெல்லிய அட்டை போட்ட புத்தகத்தை வளைத்தால் எளிதாக வளையும். ஓரத்தைக் கவனித்தால் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவது தெரியும். அதே புத்தகத்தின் ஓரங்களைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் வளைக்கக் கை வலிக்கும். வழுக்கும்படி விட்ட இரண்டு அடுக்குக்கு, ஒற்றை அடுக்கைப் போல 2 மடங்கு விறைப்புத்தான். வழுக்கவே விடாமல் ஒட்டிவிட்டால் கணக்குப்படி 8 மடங்கு. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பது பலகைக்கும் உத்தரத்துக்கும் போடுகிற கணக்கு. துணியில் அந்த 8 முழுதாகக் கிடைக்காது, தையலுக்கு நடுவே துணி கொஞ்சம் நகரத்தான் செய்யும். ஆனாலும் என் இரண்டாவது தொப்பியில் பக்ரம் சும்மா நடுவில் கிடந்தது. ஓரத்தில் ஒரு தையல், தலைப்பக்கம் ஒரு தையல், நடுவில் ஒன்றுமில்லை. விளிம்பு முழுக்க வட்ட வட்டமாக ஏன் மேல் தையல் போடுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் அதை அலங்காரம் என்று எண்ணியிருந்தேன். சரடு வைத்துத் தைத்த பழைய குல்லாக்களிலும் அந்த நெருக்கமான தையல் வரிசைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

மூன்றாவது தொப்பியில் வேறொன்றையும் மாற்றினேன். தட்டையான வளையத்தை விட்டுவிட்டு, லேசாகக் கீழே சரியும் விளிம்பாக வரைந்தேன். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அக்காவின் தலைச்சுற்று காதுக்கு மேலே, நெற்றி நடுவே, பின்மண்டை மேட்டின் மேல் வைத்து அளந்தால் 58 செ.மீ. உள்ளே வரும் பட்டைக்கும் துணித் தடிமனுக்குமாக 1 சேர்த்து 59. தட்டை விளிம்பு என்றால் 59-ஐ 6.28-ஆல் வகுத்தால் 9.4 செ.மீ., அதுதான் உள்வட்டத்தின் ஆரம். விளிம்பு 20 டிகிரி சரிய வேண்டும் என்றால், அந்த ஆரத்தை 20 டிகிரியின் கொசைனால், அதாவது 0.94-ஆல் வகுக்க வேண்டும். 10 செ.மீ. வருகிறது. வெளி ஆரம் 20. இந்த வளையத்தின் உள்சுற்று 62.8 செ.மீ.; நமக்கு வேண்டியது 59. மிச்சமான கிட்டத்தட்ட 22 டிகிரி துண்டை வட்டக் கேக்கில் ஒரு துண்டு வெட்டுவதுபோல் எடுத்துவிட்டு, வெட்டிய இரு ஓரத்தையும் பின்பக்கத்தில் இணைத்தால் காகிதம் தானாகச் சரிவாக எழும்புகிறது. காகிதத்திலேயே தட்டை வளையத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டையானது உடனே இணங்கும், சரிவானது எதிர்த்து நிற்கும். சாதாரணக் காகிதத்துக்கே வடிவம் எவ்வளவு பலம் தருகிறது என்று விரல் உடனே சொல்லிவிடும்.

வெட்டுவதற்கு முன் துணியையும் கேன்வாஸையும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். ஒன்று மட்டும் பின்னால் சுருங்கினால் கொப்புளம் கொப்புளமாக எழும். பக்ரத்தை இந்த முறை தொடவில்லை. நெய்த, தடித்த ஒட்டுக் கேன்வாஸ் இரண்டு அடுக்கு. ஒன்று மேல்துணியோடு, ஒன்று கீழ்த்துணியோடு, இரண்டும் 45 டிகிரி திருப்பி. இணைப்பு எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, துணியின் இணைப்பைப் பின்பக்கமும் கேன்வாஸின் இணைப்பைப் பக்கவாட்டிலும் வைத்தேன். கேன்வாஸைத் தையல் கோட்டோடு நிறுத்திவிட வேண்டும். தையலுக்கு விடும் துணியில் அது போகக் கூடாது. ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் ஓரிடத்தில் 10, 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சூடு ஆறும்வரை துணியை அசைக்கவே கூடாது. இந்த ஆறவிடும் நேரத்தில் அவசரப்பட்டுத்தான் முன்பு பல காலர்களைக் கெடுத்திருக்கிறேன்.

கீழ்த்துணியை வெளி ஓரத்தில் 2 மி.மீ. குறைத்து வெட்டினேன். சரிவான விளிம்பில் மேல்துணி வெளிவளைவில் போகிறது, அதற்குக் கொஞ்சம் கூடுதல் தேவை. ஓரத்தைத் தைத்துத் திருப்பி, அழுத்தி, அப்புறம் வட்டத் தையல். வெளி ஓரத்தில் ஆரம்பித்து, பிரஷர் ஃபுட் ஓரத்தை முந்தைய தையலோடு ஒட்டி வைத்து, 6 மி.மீ. இடைவெளியில் நூலை அறுக்காமல் சுருள்போல உள்நோக்கி வந்தேன். தையல் தள்ளிக்கொண்டு வரும் கொஞ்சநஞ்சத் துணியும் திறந்திருக்கும் உள்வட்டத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. உள்ளிருந்து வெளியே போனால் அது ஓரத்தில் மாட்டிச் சுருங்கும். 100-ஆம் நம்பர் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம். 16 சுற்று, மொத்தம் 14 மீட்டருக்கு மேல். பாபின் நடுவில் தீர்ந்தால் தையல் விட்ட இடம் தெரியும் என்பதால், முழுதாக நிரப்பி இன்னொன்றையும் தயாராக வைத்திருந்தேன். ஐந்தாவது சுற்றிலேயே விளிம்பின் குணம் மாறத் தொடங்கியது. கடைசிச் சுற்றில் மெஷினிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபோது, நான் வைத்த கோணத்தில் அது அப்படியே நின்றது.

தலை வட்டம் இல்லை

விளிம்பைப் பற்றியே பேசிவிட்டேன். மேல்பாகத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு, ஆனால் அது முக்கியமானது. தலை வட்டம் இல்லை. முன்பின் நீளம் பக்கவாட்டு அகலத்தைவிட 3, 4 செ.மீ. கூடுதலாக இருக்கும். மெத்தென்ற தொப்பி வட்டமாக இருந்தாலும் தலைக்கு ஏற்ப வளைந்து கொடுத்துவிடும். விறைப்பான தொப்பி கொடுக்காது. நெற்றியை அழுத்தும், காதுப்பக்கம் இடைவெளி விடும். முதல் இரண்டு தொப்பியையும் போட்ட கொஞ்ச நேரத்தில் அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஒரு தடித்த வளையும் கம்பியை அவள் தலையைச் சுற்றி வளைத்து, மெல்லக் கழற்றிக் காகிதத்தில் வைத்து வரைந்து எடுத்தேன். முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்ற முட்டை வடிவம். மேல்மூடியை அந்த வடிவத்திலேயே வெட்டினேன்.

விளிம்பின் உள்வட்டத்தை மட்டும் நீள்வட்டமாக மாற்றவில்லை. மேல்பாகத்தோடு தைத்த பிறகு அது தானாக அந்த வடிவத்துக்கு வருகிறது. அப்படி வரும்போது முன்னும் பின்னும் பக்கங்களும் சற்றே வேறுபட்ட சரிவில் நிற்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இணைக்கும் முன் உள்வட்டத்தில் ஒரு காப்புத் தையல் ஓட்டி, அதன் அருகே வரை 1 செ.மீ.க்கு ஒரு வெட்டு கொடுத்தேன். எட்டு இடத்தில் குறி வைத்து, குறிக்குக் குறி குண்டூசி. உள்ளே தலையில் படும் பட்டையாகப் பீட்டர்ஷாம் ரிப்பன். அதன் ஓரம் சின்னச் சின்ன வளைவுகளாக இருப்பதால் நீராவி இஸ்திரியில் வளைத்துவிடலாம். ஓரம் நேராக இருக்கும் ரிப்பன் இதற்கு வளையாது, நெற்றியில் மடிப்பு விழும்.

தொப்பியை நீட்டியபோது அக்கா முதலில் விளிம்பைத்தான் விரலால் தட்டிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் தலையை இடமும் வலமும் திருப்பினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். "கண்ணை மறைக்கலடி" என்றாள். மறுநாள் வெளியே போய்விட்டு மதியம் திரும்பி வந்தாள். அன்று காற்று அதிகம். இரண்டு கையிலும் பை இருந்தது. தொப்பி தலையில் இருந்தது.

மூன்று மாதமாகப் போடுகிறாள். இரண்டு முறை கையால் துவைத்து, அதே பாத்திரத்தில் கவிழ்த்துக் காயவைத்தேன். பின்பக்க இணைப்புக்கு அருகே மட்டும் நிழலில் ஒரு சின்ன ஏற்றம் தெரிகிறது. இப்போது கறுப்பில் ஒன்று கேட்கிறாள், விளிம்பு இன்னும் 2 செ.மீ. கூடுதலாக. அந்த அகலத்துக்கு இரண்டு அடுக்கு போதுமா என்று தெரியவில்லை. மூன்றாவது ஒன்று வைத்தால், துணியின் திசைக்கும் கேன்வாஸின் திசைக்கும் இடைப்பட்டு 22.5 டிகிரியில் திருப்பி வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கான பாதி அளவு வளையத்தை நேற்று வெட்டி வைத்திருக்கிறேன்.